நாற்பது லினக்ஸ் கணினிகள், ஒரு சனிக்கிழமை

அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு கார்க்காரர்களுக்கு உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்குச் சிக்னல் தொல்லை இல்லை. டவுன் பஸ் இன்னும் பாலத்துக்குக் கீழேதான் ஊர்கிறது. காந்திபுரத்தில் 15 ரூபாய் டிக்கெட் வாங்கி, பீளமேடு தாண்டி இறங்கி, அரை கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அந்தப் பொறியியல் கல்லூரி. மார்கழிக் குளிர் விடாத சனிக்கிழமைக் காலை. வளாகத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கேன்டீனில் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கேள்விப்பட்டது இதுதான்: இங்கே ஒரு லேபில் 40 கணினிகள், எல்லாமே டெபியன் லினக்ஸ். வெளியிலிருந்து எந்தக் கம்பெனியையும் கூப்பிடாமல், ஒரு வகுப்பைக்கூட ரத்து செய்யாமல், ஒரே நாளில் டெபியன் 12-லிருந்து டெபியன் 13-க்கு மாற்றிவிடுகிறார்கள். சொல்லக் கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரு கணினியை மேம்படுத்துவதற்கே வேண்டாத தெய்வம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

இரண்டாம் மாடி. "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதிய பலகை. உள்ளே பினாயில் வாசனை, அதற்கு மேல் ஏசியின் பழைய ஈர வாசனை. வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் மார்க்கர் பேனாவால் 1 முதல் 40 வரை எண். மூலையில் ஒரு பீரோ அளவுக்கு யுபிஎஸ், பக்கத்தில் பேட்டரி அடுக்கு. லேபைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் ஒரு பெண்மணி. இந்த வேலையில் நல்ல பழக்கம். துணைக்கு இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர்.

"வாங்க சார். அப்கிரேடைப் பாக்க வந்திருக்கீங்க, ஆனா மத்தியானம் வரைக்கும் அப்கிரேடே நடக்காது, பரவாயில்லீங்களா?" என்றார். பரவாயில்லை என்றேன். உட்காருவதற்கு நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை.

முதலில் யுபிஎஸ். "அரை மணி நேரம் தாங்குமுங்க மேம்" என்றான் ஒரு மாணவன். எனக்கு பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்தான் கண்ணில் பட்டது: 2020. அட்மினும் அதைப் பார்த்திருக்கிறார் போலும். எல்லாக் கணினியையும் போடச் சொன்னார். நாற்பதும் எழுந்து நின்றதும், யுபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினார். பீப் சத்தம் ஆரம்பித்தது, நிதானமாக. நான் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பதாவது நிமிடத்தில் பீப் வேகமாகிவிட்டது. அவர் உடனே மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார். மாணவன் ஒன்றும் பேசவில்லை. மேசை மேல் ஒரு கொட்டேஷன் கிடந்தது: 20 பேட்டரி, ஒன்று 4,000 ரூபாய், மொத்தம் 80,000. தேதி ஜூலை மாதத்தது.

"அதனாலதான் சார் ஒரு நேரத்துல ஒரு வரிசை மட்டும். பத்து மெஷின்னா இதே பேட்டரி நாலு மடங்காவது இழுக்கும்."

லினக்ஸில் மென்பொருள் மேம்பாடு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பொதிகளை இணையத்திலிருந்து இறக்கி வைப்பது. இது பாதியில் அறுந்தாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்தது, இறக்கியதைப் பிரித்துப் பழைய கோப்புகளின் மேல் எழுதி அமைப்பது. டெபியனில் இந்த வேலையைச் செய்வது டிபிகேஜி. இது நடக்கும்போது மின்சாரம் போனால் கணினி பாதிப் பழசும் பாதிப் புதுசுமாக நிற்கும். பல சமயம் "டிபிகேஜி கன்ஃபிகர் ஆல்" என்ற கட்டளை கொடுத்தால் தேறிவிடும். தேறாத நேரமும் உண்டு. துவங்குவதற்கே தேவையான சி நூலகத்தின் மேல் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால், அந்தக் கட்டளையைக் கொடுப்பதற்கே கணினி எழாது. ஆகவே அட்மினின் கணக்கு: காலையில் இறக்குவது மட்டும். அதற்குள் யுபிஎஸ் கொஞ்சமாவது ஏறியிருக்கும். மத்தியானத்துக்கு மேல் அமைப்பது.

நாற்பது கணினிகளும் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போவதில்லை. யுபிஎஸ் பக்கத்தில், மூடி கழற்றிய ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற நிரல் 3142 என்ற போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கணினி கேட்ட பொதியை வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்தது கேட்டால் உள்ளூரிலேயே கிடைத்துவிடும். ஒரு கணினிக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி என்று திரையில் பார்த்தேன். நாற்பதுக்கு 56 ஜிபி. கல்லூரி முழுவதற்கும் சேர்த்து 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை இழுத்திருந்தால் அலுவலக அறையிலிருந்து ஆள் வந்திருப்பார்கள்.

"எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் சார், ஒரே நாள்ல போட்டது" என்றான் இன்னொரு மாணவன். அட்மின் சிரித்துக்கொண்டே ஆன்சிபிளைத் திறந்தார். மைக்கேல் டிஹான் 2012-ல் எழுதி வெளியிட்டு, 2015-லிருந்து ரெட் ஹேட்டின் கையில் இருக்கும் கருவி. ஒரு கணினியிலிருந்து பல கணினிகளுக்கு எஸ்எஸ்ஹெச் வழியாகக் கட்டளை அனுப்பும். அந்தப் பக்கத்தில் பைத்தான் இருந்தால் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அவர் கேட்ட கேள்விகள் மூன்று: உன் கட்டமைப்பு என்ன, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், வெளியாரின் பொதிக் களஞ்சியம் ஏதாவது சேர்த்திருக்கிறாயா?

பதில்கள் ஓட ஓட நான் பக்கத்தில் நின்று படித்தேன். ஒரே மாதிரி என்ற நாற்பதில் 37 பதில்தான் 64 பிட் என்று வந்தது. 23-ம் 31-ம் 32 பிட். பெட்டி எல்லாம் 64 பிட் பெட்டிதான். எப்போதோ யாரோ பழைய பென் டிரைவை வைத்து நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். டெபியன் 13-ல் பழைய 32 பிட் பிசிக்களுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. அந்த இரண்டையும் மேம்படுத்த வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். 14-ல் வட்டு நிறைந்து வெறும் 900 எம்பி மிச்சம். தேடிப் பார்த்தால் அறுபது ஜிபிக்கு ஒரு கேம். எந்த வகுப்பு என்று கேட்டதற்கு மாணவர்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். 40-ல் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கான ஒரு டிரைவர். அதைத் தந்தவர்கள் டெபியன் 12 வரைக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள். 38-ம் எண் பதிலே சொல்லவில்லை.

அட்மின் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கணினியில் எழுதாமல் ஏன் நோட்டில் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா நோட்டு இருக்குமில்லைங்க" என்றார்.

38-க்குப் போனோம். மூலை இருக்கை, ஒட்டடை அடித்தே நாளாகியிருந்தது. நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் பதில் சொல்லிவிட்டது, ஆனால் பொதிகளை இறக்கும் நிரலான ஆப்டுக்கு அப்டேட் கொடுத்தால் களஞ்சியத்தின் கையெழுத்துக் கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கிறது. காரணம் தேதி. அந்தக் கணினியின் கடிகாரம் சில மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்துவிட்டது. அதனால் கடைசியாக அணைத்த நாளை லினக்ஸ் நினைவில் வைத்து அங்கிருந்தே எண்ண ஆரம்பித்திருக்கிறது. நேரத்தை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளும் வழியைக் கல்லூரி ஃபயர்வால் அடைத்து வைத்திருக்கிறது. ஆப்டின் கணக்கில் இன்று கையெழுத்தான கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பு. எதிர்காலத்தை அது நம்பாது, அதுதான் சரியும்கூட. ஒரு மாணவன் கீழே போய் 40 ரூபாய்க்கு சிஆர்2032 வாங்கி வந்தான். மாட்டி, தேதியைக் கையால் திருத்தியதும் 38 மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

இனி 6-ம் எண். இதை ஒரு வாரம் முன்பே 13-க்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிவிட்டு மூலையில் போட்டு வைக்காமல், வகுப்பில் மாணவர்களை அதில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்ன உடைந்தது என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்க விரும்பினேன். அட்மின் முதலாமாண்டு சி பயிற்சி ஒன்றைத் திறந்து தொகுத்துக் காட்டினார். மெயின் என்ற வார்த்தைக்கு முன்னால் இன்ட் இல்லை. மேலே ஹெட்டர் கோப்பும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டெபியன் 12-ல் இருந்த ஜிசிசி 12 இதற்கு ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு விட்டுவிடும். 13-ல் வரும் ஜிசிசி 14 விடாது. பிழை என்று சிவப்பில் எழுதி நிறுத்திவிடுகிறது. வருடக்கணக்காக ரெக்கார்டு நோட்டில் எழுதிவந்த பயிற்சிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன என்றார். அவர் நீட்டிய நாலைந்தை நானே தட்டிப் பார்த்தேன், மூன்று நின்றுவிட்டன.

பைத்தானும் 3.11-லிருந்து 3.13-க்குப் போகிறது. மாணவர்கள் தங்கள் வீட்டு அடைவில் 3.11-க்கு என்று நிறுவிய நூலகங்கள் 3.13-ன் கண்ணில் படாது. சிஜிஐ, டெல்நெட்லிப் என்ற இரண்டு பழைய தொகுதிகளை 3.13 தூக்கியே எறிந்துவிட்டது. நெட்வொர்க் லேபில் ஒரு பயிற்சி டெல்நெட்லிப்பை நம்பித்தான் இருந்ததாம். ஒரு வாரத்தில் அதை மாற்றி எழுதியிருக்கிறார்கள். சி பயிற்சிகளுக்கு இரண்டு வழி: பழைய இலக்கணத்தில் தொகுக்கச் சொல்லி ஜிஎன்யு89 என்ற சாவியைக் கொடுப்பது, அல்லது பயிற்சியையே திருத்துவது. துறைத்தலைவர் முதல் வழியைச் சொன்னாராம். அட்மின் இரண்டாவதைச் செய்திருக்கிறார். என் ஓட்டும் அவருக்குத்தான்.

இவ்வளவும் நாற்பது கணினியிலும் ஒரே நாளில் தெரியவந்திருந்தால் திங்கட்கிழமை அந்த லேப் எப்படி இருந்திருக்கும்? ஒரு கணினியில் தெரிந்தது. மற்ற 39-ல் வகுப்பு நடந்துகொண்டே இருந்தது.

"பேக்கப் இருக்குது சார்" என்றார் அடுத்து. இந்த வாக்கியத்தை நான் எங்கும் நம்புவதில்லை. திரும்பக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் 7-ம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்ஜில்லா பென் டிரைவில் இருந்தது. 1 டிபி வெளிவட்டில் ஒவ்வொரு ரகப் பெட்டிக்கும் ஒரு பிம்பம். மாணவர்களின் கோப்புகள் எல்லாம் தனி சர்வரில் இருக்கின்றன, பெட்டிகளில் யாருடைய சொத்தும் இல்லை. அதனால் தயங்காமல் அழித்து எழுதலாம். 7-ன் வட்டு முழுவதையும் அழித்து, பிம்பத்தை ஊற்றி, மறுபடி துவங்கி லாகின் திரை வரும் வரை 11 நிமிடம். அதற்கப்புறம்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இறக்குவது ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீனுக்குப் போனோம். டீ 15 ரூபாய், இஞ்சி தூக்கல். ஏன் இவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9-ல். முதல் திருத்தப் பதிப்பான 13.1 செப்டம்பர் 6-ல் வந்தது. அதுவும் வந்து, செமஸ்டர் பிராக்டிகலும் முடியட்டும் என்று இருந்தாராம். ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. 12-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் 10-ல் முடிகிறது. அதன்பின் 2028 ஜூன் இறுதி வரை நீண்டகால ஆதரவுக் குழு பார்த்துக்கொள்ளும். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கவும் டெபியனில் வழியில்லை. 12-ல் இருப்பவர் 13 வழியாகத்தான் 14-க்குப் போக வேண்டும்.

முந்திக்கொள்வதில் என்ன ஆபத்து என்பதற்கு அவர் எக்ஸ்இசட் கதையைச் சொன்னார். 2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதை விடாமல் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பில் இருந்தவர்களைத் தொடவில்லை. பிந்துவதிலும் ஆபத்து இருக்கிறது: தெரிந்த ஓட்டையை அடைக்காமல் விடுவது. ஆகவே இந்த லேபில் இரண்டு வேகம். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக, அன்றன்றைக்கு. பதிப்பு மாற்றம் கையால், மெதுவாக. தானாக வருவதிலும்கூட 6-ம் எண்ணுக்கு முதல் நாள், மற்றவற்றுக்கு அடுத்த நாள் என்று வைத்திருக்கிறார். அதே 2024-ன் ஜூலை 19-ல் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தவறான கோப்பு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன, விமானங்கள் நின்றன. "ஒரு நாள் இடைவெளி விட்டிருந்தா முத ஆயிரத்தோட போயிருக்குமுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மேலே வந்ததும் நான் ஒன்று கேட்டேன். தானாக வருகிறது என்கிறீர்களே, வந்ததா என்று எங்கே பார்ப்பது? ஆப்டின் வரலாற்றுப் பதிவைத் திறந்து கொடுத்தார். ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் தொடங்கிய நேரம் ஒரு வரி, முடிந்த நேரம் ஒரு வரி. 17-ம் எண்ணின் பதிவை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் தொடங்கிய நேரம் மாலை 4:57 என்று இருக்கிறது. முடிந்த நேரம் இல்லை. அடுத்த பதிவு நாலு நாள் கழித்து. இன்னும் கீழே போனால் இதேபோல் இன்னொன்று, அதுவும் ஐந்து மணி வாக்கில். 35-லும் ஒன்று கிடைத்தது.

அட்மினுக்கு இது தெரிந்திருந்தது. "அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் ஐயா வந்து மெயினை அணைச்சிருவாருங்க. வேலை ஒழுங்கு." காலையில் இந்தத் திருத்தங்கள் ஓட வேண்டும். ஆனால் காலை ஆறு மணிக்குக் கணினி அணைந்திருப்பதால், என்றைக்கு எப்போது போடுகிறார்களோ அப்போது ஓட ஆரம்பிக்கும். மாலை வகுப்புக்கு மட்டும் போட்ட கணினியில் மாலையில் ஓடும். முறையாக ஷட்டௌன் செய்தால், கைவசம் உள்ள பொதியை முடித்துவிட்டு நின்றுகொள்ள இந்தத் திருத்தங்களை நிறுவும் நிரலுக்குத் தெரியும். யுபிஎஸ்ஸின் அவுட்புட் சுவிட்சை யாராவது கீழே தட்டினால் அதற்கு என்ன தெரியும்? 80,000 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கினாலும் இதற்கு மருந்தில்லை.

மணி ஒன்றே முக்கால். 1-ம் எண்ணை மட்டும் ஆன்சிபிள் இல்லாமல் கையாலேயே செய்தார். டிமக்ஸ் என்ற அமர்வுக்குள் இருந்துகொண்டு செய்கிறார். நடுவில் தொடர்பு அறுந்தாலும் வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். களஞ்சியப் பட்டியலில் புக்வார்ம் என்று இருந்ததையெல்லாம் டிரிக்ஸி என்று மாற்றினார். டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர். முதலில் புதுப் பொதி எதையும் சேர்க்காமல் உள்ளதை மட்டும் மேம்படுத்தும் சிறிய மேம்பாடு, பிறகு முழு மேம்பாடு. நேரடியாக முழுதுக்குப் போனால் சில சமயம் வேண்டியதைக் கழற்றி எறிந்துவிடும்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டு நின்றது. பிரின்டர் அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். உங்களுடையதையே வைக்கவா, புதியதைப் போடவா? உங்களுடையதையே என்பது இயல்பான விடை. எஸ்எஸ்ஹெச்சுக்கும் அப்படி ஒன்று கேட்டது. இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கையால் செய்வதே இந்தக் கேள்விகள் எவை என்று பார்க்கத்தான். விடைகளை ஆன்சிபிளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்றவை நிற்காமல் ஓடும். பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு ஓட விடுபவர்களும் உண்டு. அவர்களுடைய பிரின்டர்தான் திங்கட்கிழமை காலையில் வேலை செய்யாது.

18 நிமிடம். மறுபடி துவக்கினார். துவக்கப் பட்டியலில் 6.12 கெர்னலும், அதன் கீழே பழைய 6.1-ம் இருந்தன. புதியது எழவில்லை என்றால் பழையதில் எழுப்பலாம். அதனால் பழையதை ஒரு மாதத்துக்கு அழிக்கப் போவதில்லை என்றார். எழுந்தது. லாகின், பிரின்ட், ஒரு சி நிரல், ஒரு பைத்தான் நிரல், இணையம். ஐந்தையும் செய்து பார்த்து நோட்டில் டிக் போட்டார். டெபியன் 13-ல் தற்காலிகக் கோப்புகளின் அடைவு நினைவகத்துக்கு மாறிவிடுகிறது, பாதி ரேம் வரை தின்னும். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள பெட்டிகளில் அதை நிறுத்தி வைத்தார்.

பிறகு முதல் வரிசையில் நாலு. அதற்கப்புறம் மிச்சம் நாலு. ஆன்சிபிளில் இத்தனை இத்தனையாகப் போ, ஒன்று தோற்றாலும் நில் என்று சொல்லிவைக்க முடிகிறது. இரண்டாம் வரிசை பத்தையும் ஒரே வீச்சில். முதல் இரண்டு வரிசையிலும் எஸ்எஸ்டி. 2,000 ரூபாய்க்குள் வாங்கி மாட்டியவை. மூன்றே கால் மணிக்குள் இரண்டு வரிசையும் முடிந்துவிட்டது. ஃபேன்கள் ஒரே சமயத்தில் சுழன்று எழும்பும் சத்தம் மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்தது. 14-ல் அந்த கேமை எடுத்துவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம், நான்காம் வரிசையில் பழைய சுழலும் வட்டு. அங்கே ஒரு கணினிக்கே முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. பேட்டரிக் கணக்கு இங்கே இடிக்கிறது. பத்து பெட்டிக்கு முப்பத்தைந்து நிமிடம் தாங்கினாலும் வேலை அதைவிட நீளம். அந்த நேரத்துக்கு மின்வாரியத்தை நம்புவதைத் தவிர வழியில்லை என்று அட்மின் ஒத்துக்கொண்டார். நான்காம் வரிசை நாலேகாலுக்குத் தொடங்கியது. 38-ம் அதில் ஓடியது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாட்ச்மேன் வந்தார். வயதானவர், கையில் சாவிக்கொத்து. நேரே சுவிட்ச் பலகைக்குப் போனார். பலகையின் மேல் டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது: "இன்று அணைக்க வேண்டாம்." அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. கை சுவிட்சுக்குப் போவதற்குள் மாணவன் ஓடினான்.

"ஐயா, இருங்க, இருங்க. இன்னும் ஓடிட்டு இருக்குது."

"ஸ்கிரீனெல்லாம் கறுப்பா இருக்குதே தம்பி?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வரிசையில் எட்டுத் திரைகளும் கறுப்புதான். வேலை பின்னால் நடக்கிறது, திரை தூங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அணைந்த கணினிக்கும் தன் உள்ளுறுப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் கணினிக்கும் வித்தியாசம் தெரியாது. அட்மின் அவருக்கு ஒரு திரையை எழுப்பிக் காட்டினார். எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. "இது நிக்கிற வரைக்கும் தொடக்கூடாதுங்களா? சரிங்க, நான் கீழ இருக்கேன், முடிஞ்சதும் சொல்லி உடுங்க" என்று போய்விட்டார். தினமும் அணைக்கும்போது உள்ளே இப்படி வேலை ஓடிக்கொண்டிருக்கலாம் என்று யாரும் இதுவரை அவருக்குச் சொன்னதில்லை என்பது பிறகு பேசியதில் தெரிந்தது. அணை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நான்காம் வரிசை முடிந்து, ஒவ்வொன்றாக எழுந்தது. நோட்டில் அன்றைய கணக்கு: புதிதாக 13-க்குப் போனவை 36. ஏற்கெனவே போன 6-ம் எண் ஒன்று. புதிதாக நிறுவ வேண்டியவை இரண்டு. டிரைவர் வரும் வரை 12-லேயே விட்டுவைத்தது ஒன்று. வெளியே போன பணம் பேட்டரிக்கு 40 ரூபாயும் டீக்கு ஆனதும்.

நான் கிளம்பும்போது அட்மின் இரண்டு வேலைகளை எழுதி வைத்திருந்தார். ஒன்று, தினமும் மாலை 4:40-க்கு நாற்பது கணினியையும் ஆன்சிபிள் வழியாக முறையாக அணைப்பது, இரண்டு, சுவிட்ச் பலகை மேல் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் தொடக்கூடாது. விளக்கு 120 ரூபாய்தான், திங்கட்கிழமையே மாட்டிவிடுவேன் என்றார். கொட்டேஷன் பற்றி நான் கேட்கவில்லை.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அலுவலகத்திலோ லினக்ஸ் கணினிகள் பல இருந்தால், இன்றைக்கே ஏதாவது ஒன்றில் ஆப்டின் வரலாற்றுப் பதிவைத் திறந்து, தொடங்கிய நேரம் இருந்து முடிந்த நேரம் இல்லாத பதிவு எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால், பதிப்பை மாற்றுவதற்கு முன் மெயினை அணைப்பவரிடம் போய்ப் பேசுங்கள்.